மேல்மாடி அவியுது, பேஸ்மென்ட் விறைக்குது: ரொறன்ரோ வீட்டை வலயங்களாகப் பிரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதம், இரவு 10 மணி. நடுமாடிச் சுவரில் தெர்மோஸ்டாட் 23 பாகை காட்டுகிறது. மேலே பிள்ளைகளின் படுக்கையறையில் 27. கீழே பேஸ்மென்டில் 20. வாடகைக்கு இருப்பவர் வென்ட்டின் மேல் கார்ட்போர்ட் மட்டையை வைத்துக் குளிர்காற்றை அடைத்திருக்கிறார். ஸ்காபரோ, மார்க்கம், எயாக்ஸ், பிரம்டன் என்று நம்மவர்கள் வாழும் இரண்டு மாடி வீடுகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஒரே ஃபர்னஸ், ஒரே ஏசி, ஒரே தெர்மோஸ்டாட். அந்தத் தெர்மோஸ்டாட் தொங்கும் இடத்துக்கு மட்டும்தான் சுகம்.

மூன்று தளங்களுக்கும் மூன்று விதமான தேவை. மேல்மாடிக்குத் தலைக்கு மேல் அட்டிக், நான்கு பக்கமும் வெயில். ஃபர்னஸிலிருந்து அதுதான் அதிக தூரம். பேஸ்மென்ட் பாதி மண்ணுக்குள் இருப்பதால் கோடையில் தானாகவே குளிர்ந்திருக்கும், குளிர்காலத்தில் கொங்கிரீட் சுவர் வழியே சூட்டை இழந்துகொண்டே இருக்கும். சூடான காற்று மாடிப்படி வழியே மேலேறி அட்டிக் இடுக்குகளால் வெளியேற, அதன் இடத்தைப் பிடிக்கக் கீழ்த்தளத்து இடுக்குகளால் வெளிக்குளிர் உள்ளே வரும். ஒரு தெர்மோஸ்டாட் இவை மூன்றையும் சமாளிக்காது.

வீட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தெர்மோஸ்டாட் வைத்து, காற்றையோ கருவியையோ அதன்படி இயக்குவதுதான் வலயமுறை. கேட்க எளிது. பிழை வருவது ஒரே இடத்தில்: டாம்பரை (குழாய்க்குள் காற்றை மறிக்கும் இதழை) மூடினால் காற்று குறையாது, வேறு வழி தேடும். ஃபர்னஸின் விசிறி தள்ளும் காற்று முழுவதும் எங்காவது போயே ஆகவேண்டும். ஆகவே உங்கள் வீட்டின் மிகச் சிறிய வலயம் எவ்வளவு காற்றை வாங்கும் என்பதுதான் முழுத் திட்டத்தையும் தீர்மானிக்கிறது. இதைக் கணக்குப் பார்க்காமல் டாம்பர் பூட்டிய வீடுகளில்தான் ஏசி கோயில் (coil, காற்றைக் குளிர்விக்கும் சுருள்) உறைவதும் ஃபர்னஸ் அடிக்கடி அணைவதும் நடக்கின்றன.

முதலில் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

சாதாரண டிஜிட்டல் வெப்பமானிகள் நான்கு போதும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று, நடுமாடிக்கு ஒன்று, பேஸ்மென்டுக்கு ஒன்று என்று வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில், வெயிலோ வென்ட் காற்றோ நேரே படாத உட்சுவரில் வையுங்கள். காலை 7, பிற்பகல் 3, இரவு 10 மணிக்குக் குறித்துக்கொள்ளுங்கள். வெளி வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். வெளியே 31 பாகை தொடும் நாளும் மைனஸ் 15க்குக் கீழே இறங்கும் நாளும்தான் உண்மையைக் காட்டும். மே மாதத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

தளங்களுக்கிடையில் 2 பாகைக்குள் வித்தியாசம் என்றால் வலயமுறை தேவையில்லை, கீழே சொல்லும் சீர்செய்தலே போதும். 3 பாகையைத் தாண்டினால், அதுவும் கோடையில் மேல்மாடி சூடு, குளிர்காலத்தில் வேறொரு தளம் குளிர் என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாறினால், வலயம் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஓர் அறை மட்டும், பெரும்பாலும் கராஜுக்கு மேலே இருக்கும் அறை, குளிர்காலம் முழுக்க விறைத்தால் அது காப்புப் பஞ்சின் குறை. கராஜ் கூரைக்குள் இன்சுலேஷன் போடாமல் டாம்பர் பூட்டுவது ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் பூட்டுவது போன்றது.

செலவில்லாமல் தீரக்கூடியவை

காற்று வடிகட்டியைப் பாருங்கள். ஒரு அங்குலத் தடிப்புள்ள, நெருக்கமான மடிப்பு வடிகட்டிதான் காற்றை அதிகம் தடுக்கும் பொருள்; நல்ல வடிகட்டல் வேண்டுமென்றால் 4 அங்குலக் கூடு பூட்டுங்கள்.

பேஸ்மென்டில் தெரியும் டக்ட் (காற்றுக் குழாய்) மூட்டுகளை ஃபோயில் டேப்பாலோ மாஸ்டிக் பசையாலோ அடையுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் சூட்டில் காய்ந்து இரண்டு வருடத்தில் கழன்றுவிடும். மேல்மாடிக்குப் போகவேண்டிய காற்று வழியிலேயே பேஸ்மென்டில் கசிவதுதான் பல வீடுகளில் பாதிப் பிரச்சினை.

ஒவ்வொரு கிளைக் குழாயிலும் ஃபர்னஸுக்குக் கிட்ட ஒரு சிறிய கைப்பிடி அல்லது திருகுப் பள்ளம் இருக்கும். அது குழாயோடு ஒரே திசையில் நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். கோடையில் பேஸ்மென்டுக்குப் போகும் கிளைகளைக் கால் பங்குக்கும், நடுமாடியின் ஒன்றிரண்டைப் பாதிக்கும் இறக்குங்கள். மேல்மாடிக்கு எல்லாம் முழுத்திறப்பு. நவம்பரில் திருப்புங்கள். இரண்டு நிலைகளையும் மார்க்கர் பேனாவால் 'கோ', 'கு' என்று குழாயிலேயே கோடிட்டு வைத்தால் அடுத்த வருடம் யோசிக்கத் தேவையில்லை.

திரும்பு காற்றின் வழியையும் சோதியுங்கள். ஃபர்னஸ் ஓடும்போது படுக்கையறைக் கதவை ஒரு விரல் இடைவெளி விட்டு மெதுவாக மூடுங்கள். கதவு உங்கள் கையை எதிர்த்துத் தள்ளினாலோ தானாக இழுபட்டாலோ அறைக்குள் போன காற்று வெளியேற வழியில்லை என்று பொருள். அப்படிப்பட்ட அறைக்கு எவ்வளவு டாம்பர் பூட்டினாலும் காற்று வராது. கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். கார்பெட் தடிப்பாக இருந்தால் கதவுக்கு மேலே இருபக்கமும் கிரில் வைத்த வழி ஒன்று வெட்டுங்கள்.

விசிறியை 'ஓட்டோ'வில் விடாமல் மணிக்கு 20 நிமிடமாவது ஓடும்படி 'சேர்க்குலேட்' நிலையில் வைத்தும் இரண்டு வாரம் பாருங்கள்.

அறைக்கு அறை சென்சர் வைக்கும் தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோ நிறுவனமான ஈகோபீயின் தெர்மோஸ்டாட் நம் வீடுகளில் நிறையவே உண்டு. இரவில் படுக்கையறைச் சென்சரைப் பார், பகலில் நடுமாடியைப் பார் என்று சொல்லலாம். மிக உபயோகமான வசதி. ஆனால் அது வலயமுறை அல்ல. மேல்மாடியை 24க்குக் கொண்டுவர அது ஏசியை நீளமாக ஓடவிடும், அந்தக் காற்றில் ஒரு பங்கு பேஸ்மென்டுக்கும் போகும், கீழே 18 ஆகும். பேஸ்மென்டில் யாரும் வசிக்காத வீட்டுக்கு இது போதுமானது. கீழே குடியிருப்பவர் இருந்தால் போதாது.

குழாய்களை எண்ணுதல், கணக்குப் போடுதல்

வேலையின் மூளை இந்தப் பகுதிதான். கண்ட்ராக்டர்கள் அதிகம் தாண்டிப்போவதும் இதைத்தான்.

ஃபர்னஸ் அறையில் நின்று பிரதானப் பெட்டிக்குழாயிலிருந்து கிளம்பும் வட்டக் குழாய்கள் ஒவ்வொன்றும் எந்த அறைக்குப் போகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் கீழே குழாயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்ட, இன்னொருவர் மேலே வென்ட் வென்ட்டாகக் காது வைத்துக் கேட்பதுதான் மிக விரைவான வழி. கண்டதும் குழாயில் எழுதுங்கள்: மே-1, மே-2, ந-1, பே-1.

இந்தப் பகுதி வீடுகளில் மேல்மாடிக்கென்று தனிப் பிரதானக் குழாய் அநேகமாக இருக்காது. எல்லாக் கிளைகளும் ஒரே பெட்டிக்குழாயில் கலந்து கிளம்பும். அதனால் தளத்துக்கு ஒரு பெரிய டாம்பர் என்பது படத்தில்தான் நடக்கும். நடைமுறையில் கிளைக்கு ஒரு டாம்பர். பேஸ்மென்ட் கூரை டிரைவோல் போட்டு மூடியிருந்தால் அதை வெட்டவேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

ஓட்டமாகச் சொன்னால், 6 அங்குல வட்டக் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 100 கன அடி காற்று தரும், 5 அங்குலம் சுமார் 60. ஏசிக்கு ஒரு டன்னுக்கு (குளிர்விக்கும் திறனின் அளவு) 400 கன அடி வேண்டும்.

ஒரு மாதிரி வீட்டை எடுப்போம். இரண்டரை டன் ஏசி, ஆகவே விசிறி 1,000 கன அடி தள்ளும். மேல்மாடிக்கு 6 அங்குலத்தில் நான்கு, 5 அங்குலத்தில் ஒன்று: 460. நடுமாடிக்கு 6 அங்குலத்தில் ஐந்து: 500. பேஸ்மென்டுக்கு 5 அங்குலத்தில் மூன்று: 180.

இப்போது பேஸ்மென்ட் மட்டும் சூடு கேட்கிறது என்று வையுங்கள். 180 வாங்கக்கூடிய குழாய்க்குள் விசிறி 1,000ஐத் திணிக்கப் பார்க்கும். நடக்காது. வென்ட்கள் கூவும், ஃபர்னஸின் வெப்பம் வெளியேற வழியின்றி உயர்வெப்பக் காவல் சுவிட்ச் அதை அணைக்கும், ஆறியதும் மீண்டும் எரியும், மீண்டும் அணையும். இப்படி மாதக்கணக்காக நடந்தால் வெப்பமாற்றித் தகட்டில் விரிசல் விழலாம். அதன் பின் கார்பன் மொனொக்சைட் ஆபத்து. ஆக, இந்த வீட்டில் பேஸ்மென்ட் ஒரு டக்ட் வலயமாக இருக்கவே முடியாது. ஒன்றில் அது நடுமாடியோடு சேரவேண்டும், அல்லது டக்டிலிருந்தே பிரியவேண்டும்.

மேல்மாடி மட்டும் குளிர் கேட்டால்? 460க்குள் 1,000 போகாது. ஏசி இரண்டு நிலை வகை (முழுத் திறனிலும் குறைந்த திறனிலும் ஓடக்கூடியது) என்றால் கீழ்நிலையில் ஏறத்தாழ 700. மிச்சம் 240. நடுமாடி டாம்பர்கள் முழுதாக மூடாமல் ஐந்தில் ஒரு பங்கு திறந்தே நிற்கும்படி நிறுத்தத் திருகை வைத்தால் 100 அங்கே போகும். படுக்கையறை அலுமாரி மூலையில் இறக்கி மேல்மாடிக்கு ஒரு புதிய 6 அங்குலக் குழாய் போட்டால் இன்னொரு 100. இப்போது 660, விசிறியின் 700க்குக் கிட்ட வந்துவிட்டது. இது வேலை செய்யும் அமைப்பு. இதே கணக்கை ஒரே நிலையில் ஓடும் பழைய ஏசியோடு போட்டுப்பாருங்கள்: 660 எங்கே, 1,000 எங்கே. ஒற்றை நிலைக் கருவியை வைத்துக்கொண்டு டக்ட் வலயம் பிரிக்க வேண்டாம் என்று நாம் சொல்வது இதனால்தான். இரண்டு நிலையோ மாறுவேகமோ உள்ள கருவிக்கு மாறும் வருடத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

மிஞ்சும் காற்றுக்குச் சிலர் பைபாஸ் குழாய் போடுவார்கள்: அறைகளுக்குக் காற்று அனுப்பும் குழாயிலிருந்து நேரே திரும்பு குழாய்க்கு ஒரு குறுக்குவழி. மலிவு, பூட்டச் சுலபம், ஆனால் மோசமான தீர்வு. ஏற்கெனவே குளிர்ந்த காற்று மீண்டும் கோயிலுக்கே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் குளிர்கிறது. கோயில் உறைபனிக்குக் கீழே போய்ப் பனிக்கட்டி கட்டுகிறது. கண்ட்ராக்டர் தரும் விலை மதிப்பீட்டில் 'பைபாஸ் டாம்பர்' என்று கண்டால், அது இல்லாமல் ஏன் முடியாது என்று கணக்கோடு கேளுங்கள்.

கருவியை மாற்றுவதாக இருந்தால் சிஎஸ்ஏ எஃப்280 முறைப்படி அறைக்கு அறை வெப்ப இழப்பும் வெப்ப வரவும் கணக்கிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். ரொறன்ரோ நகருக்குக் குளிர்கால வடிவமைப்பு வெப்பநிலை சுமார் மைனஸ் 18, கோடைக்கு 31. சதுர அடியைப் பார்த்து 'மூன்று டன் போடுவோம்' என்பவர் கணக்கிடவில்லை. பேஸ்மென்டைப் பிரித்த பின் இரண்டு டன்னே போதும் என்று வரலாம். அப்போது கீழ்நிலைக் காற்று 560 ஆகிறது, வலயக் கணக்கு இன்னும் இலகு.

அழுத்தம் எவ்வளவு இருக்கிறது?

குழாய்க்குள் காற்றின் அழுத்தம் மானோமீட்டர் என்னும் அழுத்தமானியால் அளக்கவேண்டியது. ஃபர்னஸுக்கும் ஏசி கோயிலுக்கும் இடையில் ஒரு துளை, வடிகட்டிக்கும் விசிறிக்கும் இடையில் ஒரு துளை. கோயில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துளைக்காதீர்கள். செப்புக் குழாய் ஓட்டையானால் கோயிலே போய்விடும். இரண்டு அளவுகளையும் குறி பாராமல் கூட்டினால் மொத்த அழுத்தம். பெரும்பாலான வீட்டு ஃபர்னஸ்களின் தகட்டில் உச்சம் 0.5 அங்குல நீர் என்று இருக்கும். எல்லா வென்டும் திறந்திருக்கும்போதே 0.8 காட்டுகிற வீட்டில் டாம்பர் பூட்டுவது மூச்சுத்திணறுபவரின் மூக்கைப் பிடிப்பது போல. முதலில் வடிகட்டிக் கூடு, திரும்பு குழாயின் அகலம் இரண்டையும் திருத்துங்கள்.

பொருட்கள்

மேலே சொன்ன மாதிரி வீட்டுக்கு (மேல்மாடி ஒரு வலயம், நடுமாடி ஒரு வலயம், பேஸ்மென்ட் தனியே) தேவைப்படுபவை:

24 வோல்ட் மோட்டார் டாம்பர்கள் 11. மேலே ஆறு, நடுவில் ஐந்து. மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்கால் தானே திறக்கும் வகையையே எடுங்கள். கோளாறு வந்தாலும் காற்று போகும்.
இரண்டு நிலைக் கருவியைக் கையாளும் வலயப் பலகை (டாம்பர்களையும் கருவியையும் இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) 1. ஹனிவெல் பலகைகள் இங்கே எளிதில் கிடைக்கும்.
பலகைக்கென்று தனி 24 வோல்ட் டிரான்ஸ்போர்மர் 1. டாம்பர் தகட்டில் 6 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றிருந்தால் ஆறு டாம்பர் சேர்ந்து மூடும்போது 36 விஏ. 40 விஏ டிரான்ஸ்போர்மர் விளிம்பில் நின்று சூடாகும். 75 விஏ எடுங்கள்.
ஃபர்னஸிலிருந்து குழாய்க்குள் போகும் காற்றின் வெப்பநிலைச் சென்சர் 1. பலகையோடு வராவிட்டால் தனியே வாங்குங்கள், இதை மட்டும் விடாதீர்கள்.
தெர்மோஸ்டாட் 2, 18 கேஜ் 5 அல்லது 8 இழைக் கேபிள், அரை அங்குலத் தகட்டுத் திருகுகள், ஃபோயில் டேப், டிரைவோல் கூரைக்கு 12 அங்குலச் சதுர மூடிகள்.

பூட்டுதல்

ஒன்ராறியோவில் காஸ் ஃபர்னஸின் காஸ் பக்கத்தையும் எரிப்புப் பக்கத்தையும் தொட உரிமம் பெற்ற காஸ் டெக்னீஷியன் வேண்டும். ஏசியின் குளிர்வாயுவுக்கு அதற்குரிய தொழிலாளி. 240 வோல்ட் வேலைக்கு உரிமம் பெற்ற மின்னியல் கண்ட்ராக்டர். டாம்பர் பூட்டுவதையும் 24 வோல்ட் கம்பி இழுப்பதையும் கைவேலை தெரிந்தவர் செய்யலாம். ஃபர்னஸ் பலகையோடு இணைப்பதையும் இயக்கிப் பார்ப்பதையும் டெக்னீஷியனிடமே விடுங்கள். அப்படி விட்டாலும் வரிசை தெரிந்திருந்தால் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

1. ஃபர்னஸ் சுவிட்சையும் பிரேக்கரையும் நிறுத்துங்கள். பல வீடுகளில் அந்தச் சுவிட்ச் பேஸ்மென்ட் படியின் மேல் முனையில் சிவப்புத் தகட்டோடு இருக்கும். பழைய கம்பிகள் எந்த எழுத்தில் மாட்டியிருக்கின்றன என்று ஃபர்னஸ் பலகையைப் போட்டோ எடுங்கள்.

2. கிளைக் குழாயை வெட்டி டாம்பரைச் செருகுங்கள். உடம்பில் காற்றோட்ட அம்பு இருக்கும். மோட்டார் பக்கவாட்டிலோ மேலோ நிற்கட்டும்; அடியில் தொங்கினால் கோடையில் குழாயில் வியர்க்கும் நீர் மோட்டாருக்குள் வடியும். மூட்டுக்கு மூன்று திருகு. நீளத் திருகு போட்டால் அதன் முனை உள்ளே இதழில் இடித்து டாம்பர் பாதியில் நிற்கும். மூடிய கூரைக்குள் இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது பெரிய பாடு. ஆகவே டிரைவோலை மூடுமுன் ஒவ்வொரு டாம்பரையும் கையால் ஒருமுறை முழுதாக மூடித் திறந்து பாருங்கள்.

3. நடுமாடி டாம்பர்களில் நிறுத்தத் திருகை ஐந்தில் ஒரு பங்கு திறப்புக்கு வையுங்கள்.

4. பலகையை ஃபர்னஸுக்குக் கிட்டவுள்ள சுவரில் பொருத்துங்கள், குழாய்ப் பெட்டியின் மேல் வேண்டாம். சூடும் அதிர்வும் அதைக் கெடுக்கும்.

5. ஒரு வலயத்தின் டாம்பர்கள் எல்லாம் பக்கஇணைப்பில் அந்த வலயத்தின் முனைகளுக்கு. தெர்மோஸ்டாட்களிலிருந்து ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி என்ற எழுத்துகளுக்குரிய கம்பிகள் ஐந்தும் பலகைக்கு. சி கம்பியை விட்டுவிட்டால் புதிய தெர்மோஸ்டாட்கள் திரை இருண்டு நிற்கும்.

6. பலகையின் கருவிப் பக்கத்திலிருந்து ஃபர்னஸ் பலகைக்கு இரண்டு நிலைக் கம்பிகளும் போகவேண்டும். பலகையின் டிரான்ஸ்போர்மரும் ஃபர்னஸின் டிரான்ஸ்போர்மரும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. கலந்தால் முதலில் போவது ஃபர்னஸ் பலகையின் சிறிய ஃபியூஸ்.

7. வெப்பநிலைச் சென்சரைக் கோயிலைத் தாண்டி, முதல் கிளைக்கு முன், பெட்டிக்குழாயின் நடு ஓட்டத்தில் நுழையுங்கள். குளிருக்குக் கீழ் எல்லை 7 பாகை. சூட்டுக்கு மேல் எல்லையை ஃபர்னஸ் தகட்டைப் பார்த்து வையுங்கள். காற்று தடைபட்டால் பலகையே கருவியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடும்.

8. ஒரு வலயம் மட்டும் கேட்கும்போது கீழ்நிலை, இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் மேல்நிலை என்று பலகையில் அமையுங்கள். நிறையப் பேர் மறக்கும் சுவிட்ச் இது. மறந்தால் மேலே போட்ட 700 கணக்கு வீண்.

தெர்மோஸ்டாட் எங்கே? மேல்மாடியில் உட்சுவரில், வெயில் படாத இடத்தில். இரவில் எல்லாரும் கதவை மூடிப் படுப்பவர்கள் என்றால் நடையில் இருக்கும் தெர்மோஸ்டாட் அறையின் சூட்டை அறியாது. படுக்கையறைச் சென்சர் சேர்க்கும் வகையை எடுத்து இரவுக்கு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுமாடியில் குசினிக்குப் பக்கச் சுவரில் வைக்கவே கூடாது. அடுப்பில் பெரிய சட்டி ஏறும் சனிக்கிழமைகளில் வீடே உறைந்துபோகும்.

இயக்கிப் பார்த்தல்

மேல்மாடியை மட்டும் கேட்கவைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். அழுத்தம் தகட்டின் உச்சத்துக்குள் நிற்கவேண்டும். குளிரில், கோயிலுக்கு முன்னும் பின்னும் காற்றின் வெப்பநிலை வித்தியாசம் ஏறத்தாழ 8 முதல் 11 பாகை. 13, 14 என்று ஏறினால் காற்று போதவில்லை. சூட்டில், ஏற்றம் ஃபர்னஸ் தகட்டில் எழுதிய எல்லைக்குள் இருக்கவேண்டும். தகட்டில் ஃபாரன்ஹைட்டில் 35 முதல் 65 என்று போட்டிருந்தால் அது செல்சியஸில் 19 முதல் 36 பாகை ஏற்றம். பிறகு நடுமாடி மட்டும். பிறகு இரண்டும். எல்லா அளவுகளையும் எழுதி ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மூன்று வருடம் கழித்து யாராவது வந்து பார்க்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

பேஸ்மென்டை என்ன செய்வது

வாடகைக்கு விட்ட பேஸ்மென்டின் சிக்கல் வெப்பநிலையோடு முடிவதில்லை. மேலே மீன் பொரித்தால் கீழே மணக்கும், கீழே சிகரெட் பிடித்தால் மேலே மணக்கும்; திரும்பு குழாய் இருவர் காற்றையும் கலக்குகிறது. தீப்பிடித்தால் புகைக்கும் அதே வழி. ஒரே டக்டைப் பகிரும் இரண்டாம் குடியிருப்புகளில் குழாய்க்குள் புகை உணரி வைத்து, புகை கண்டால் ஃபர்னஸ் நிற்கும்படி செய்யச் சொல்வது அதனால்தான். கட்டணத் தகராறு தனி. வீட்டுக்காரர் மேலே தன் வசதிக்கு 19க்கு இறக்கினால் கீழே 17 ஆகும். ரொறன்ரோ நகரச் சட்டப்படி சூட்டை வீட்டுக்காரர் வழங்கும் வாடகைக் குடியிருப்பில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்கவேண்டும்.

ஆகவே பேஸ்மென்டை டக்டிலிருந்து பிரிப்பதே சரி. சூட்டுக்கு அறைக்கு அறை மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர், ஒவ்வொன்றுக்கும் சுவர்த் தெர்மோஸ்டாட்: இதைவிடச் சுத்தமான வலயமுறை கிடையாது. 240 வோல்ட் 20 ஆம்பியர் சுற்றில் தொடர்ச்சுமைக்கு 80 சதவீதம்தான் அனுமதி, அதாவது 3,840 வாட். 15 ஆம்பியர் என்றால் 2,880. 1,500 வாட் இரண்டும் 750 வாட் ஒன்றும் 20 ஆம்பியர் சுற்றில் சரியாக அடங்கும். வீட்டின் பிரதான இணைப்பு 100 ஆம்பியர் மட்டும் என்றால், அடுப்பு, டிரையர், கார் சார்ஜர் எல்லாவற்றையும் கூட்டிச் சுமைக்கணக்குப் போட்ட பின்பே இறங்குங்கள். ஹைட்ரோ (மின்சார) பில் ஏறும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் வரவேற்பறைக்கு ஒரு சுவர் ஹீட் பம்ப் (சூடும் குளிரும் தரும் மின்கருவி), படுக்கையறைகளுக்குச் சிறிய பேஸ்போர்ட் என்று கலந்து போடலாம்.

டக்டை அடைத்ததும் கீழே புதுக்காற்று வரும் வழியும் அடைபடுகிறது. குளியலறை விசிறி வெளியே தள்ளவேண்டும், கூடவே கீழ்த்தளத்துக்கென்று சிறிய எச்ஆர்வி (வெளியேறும் காற்றின் சூட்டை மீட்டுப் புதுக்காற்றுக்குக் கொடுக்கும் கருவி) இருந்தால் ஜன்னலில் நீர் வடியாது.

மேல்மாடிக்கு மட்டும் குறை என்றால்

குளிர்காலம் சமாளிக்கலாம், கோடையில்தான் மேலே இருக்கமுடியவில்லை என்பவர்களுக்கு இத்தனை டாம்பரும் வேண்டாம். டக்ட் இல்லாத சுவர் ஹீட் பம்ப் ஒன்று, 9,000 அல்லது 12,000 பிடியூ திறனுள்ளது, போதும். அது தனி வலயம். பழைய அமைப்பைத் தொடுவதில்லை. ஆனால் அதை மேல்மாடி நடையில் வைத்தால் நடை மட்டும்தான் குளிரும். மூடிய கதவுக்குப் பின்னால் அதன் காற்று போகாது. இரவில் மிகவும் அவியும் அறைக்குள்ளேயே வையுங்கள்.

இரண்டு அறைக்கு வேண்டுமென்றால், ஒரு வெளிப்பெட்டியில் பல தலைகளைப் பூட்டும் மல்டி வகையைத்தான் விற்பனையாளர் முதலில் காட்டுவார். அதில் ஓர் அறை மட்டும் கொஞ்சம் குளிர் கேட்டாலும் வெளிப்பெட்டி தன் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கமுடியாது. ஓடி நின்று ஓடி நிற்கும், ஈரப்பதம் குறையாது. இடம் இருந்தால் ஒரு தலைக்கு ஒரு வெளிப்பெட்டி என்று இரண்டு தனி ஜோடிகளே நல்லது. குளிர்காலச் சூட்டுக்கும் நம்புவதாக இருந்தால் மைனஸ் 25 வரை இயங்கும் குளிர்ப்பிரதேச வகையைக் கேளுங்கள். வெளிப்பெட்டி பனிக்கு மேலே, தரையிலிருந்து 30 முதல் 45 சென்ரிமீட்டர் உயரத் தாங்கியில் நிற்கட்டும். படுக்கையறைச் சுவரில் தொங்கவிட்டால் அதிர்வு கட்டில் வரை வரும். வடிகால் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு.

அன்றாட ஓட்டம்

குளிர்காலத்தில் நடுமாடி 21, மேல்மாடி இரவில் 18 அல்லது 19. கோடையில் பகலில் நடுமாடி 25, மேல்மாடியை மாலை 6 மணியிலிருந்தே 24க்கு இறக்குங்கள். 10 மணிக்குப் படுக்கப் போகும்போது இறக்கினால் சுவரும் மெத்தையும் குளிர நள்ளிரவாகும். இரண்டு தெர்மோஸ்டாட்களுக்கும் இடையில் 3 பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். படிக்கட்டு வழியே காற்று கலந்துகொண்டே இருப்பதால் ஒரு வலயம் ஓயாமல் ஓடும். இரண்டும் ஒரே பருவ நிலையில் நிற்கட்டும். ஏப்ரலில் ஒன்று சூடும் மற்றது குளிரும் கேட்டால் பலகை மாறி மாறி ஓட்டிக் காஸையும் ஹைட்ரோவையும் சேர்த்து எரிக்கும். ஹீட் பம்ப் உள்ளவர்கள் இரவில் ஒன்றிரண்டு பாகைக்கு மேல் இறக்காதீர்கள். காலையில் ஏற்றும்போது துணை ஹீட்டர் எரிந்து மிச்சம்பிடித்ததை வாங்கிவிடும்.

பிழை வந்தால் எங்கே பார்ப்பது

வென்ட் கூவினால் அந்த வலயம் தாங்குவதைவிட அதிகக் காற்று வருகிறது. கீழ்நிலை அமைப்பையும் மற்ற வலயத்தின் நிறுத்தத் திருகையும் பாருங்கள். ஒரு வலயம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் மூடிக்கிடக்கும் டாம்பர் ஒன்று இருக்கிறது. மோட்டார் தலையில் உள்ள காட்டிமுள்ளைப் பாருங்கள், முள் திரும்பியும் காற்று வராவிட்டால் இதழ் தண்டிலிருந்து கழன்றிருக்கும். கேட்காத தளம் மிகவும் குளிர்ந்தால் நிறுத்தத் திருகு அதிகம் திறந்திருக்கிறது, அல்லது டாம்பரைச் சுற்றிய மூட்டு கசிகிறது. ஏசி ஓடும்போது செப்புக் குழாயில் வெண்பனி கண்டால் உடனே குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் உருகவிடுங்கள். அதன் பின் வடிகட்டி, பிறகு அழுத்தம், கடைசியில்தான் குளிர்வாயு. குளிர்வாயு நிரப்ப வந்தவர் அழுத்தத்தை அளக்காமல் சிலிண்டரை எடுத்தால் நிறுத்திக் கேளுங்கள்.

எல்லாத் தெர்மோஸ்டாட் திரையும் ஒரே நேரத்தில் இருண்டால் பலகை டிரான்ஸ்போர்மர். ஒன்று மட்டும் இருண்டால் அந்தச் சுவரின் சி கம்பி.